மாடமும் மண்விளக்கும்

திருமறையின் அந்நூர் அத்தியாயத்தில் இடம்பெறும் 35ஆம் வசனம் 'ஆயத்துந் நூர்', அதாவது ஒளி வசனம் எனப் பெயர் பெற்றது. இறைவனின் ஒளிக்கு உவமை கூற வந்த அவ்வசனம் மூன்று பொருள்களை ஒன்றனுள் ஒன்றாக வைத்துக் காட்டுகிறது. மிஷ்காத், அதனுள் மிஸ்பாஹ், மிஸ்பாஹைச் சூழ்ந்து ஸுஜாஜா. மிஸ்பாஹ் என்பது விளக்கு. ஸுஜாஜா என்பது கண்ணாடி. இவ்விரண்டின் பொருளில் சிக்கல் இல்லை. மிஷ்காத் என்பதற்குத் திரியைத் தாங்கும் குழல் என்று பொருள் கொண்டோரும் உண்டு. எனினும் விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் தரும் பொருள், மறுபுறம் திறவாத சுவர்க்குழி என்பதாகும். இச்சொல் அபிசீனிய மொழியினின்று அரபியில் வந்து கலந்தது என்று முற்கால அறிஞர் சிலர் குறித்துள்ளனர்.

தமிழில் திருமறையை மொழிபெயர்த்தோர் இதனை 'மாடம்' என்றனர். இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைப்பது அரிது. மின்விளக்கு வருமுன் நம் ஊர்களின் பழைய வீடுகளில் சுவரைக் குடைந்து அமைத்த சிறு மாடக்குழி இருந்தது. மாடப்பிறை என்று வழங்குவோரும் உண்டு. அந்திப் பொழுதில் அங்கே அகல் வைக்கப்படும். காற்றில் அணையாது, கைபட்டுக் கவிழாது, ஒளி நாற்புறமும் சிதறாமல் ஒரு முகமாகத் திரண்டு வரும். மிஷ்காத்தின் பயனாக விரிவுரையாளர்கள் எடுத்துரைப்பதும் இதுவே: திறந்த வெளியில் வைத்த விளக்கைவிட, குழிக்குள் வைத்த விளக்கின் ஒளி செறிவு மிக்கது. ஆகவே ஒளி வசனம் காட்டும் விளக்கு, சுவரோடு சேர்ந்த விளக்கு என்று நாம் கூறலாம்.

இவ்வசனம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கல்லிலும் ஓட்டிலும் கண்ணாடியிலும் மண்ணிலும் அது உருப்பெற்றது. உயிருருவங்களை வழிபாட்டிடங்களில் வடிக்காத ஒரு சமுதாயம், விளக்கு என்னும் எளிய பொருளையே தன் சிற்பமாக்கிக் கொண்டது. அவ்வரலாற்றில் நம் சிந்தனையைத் தூண்டும் ஒரு பகுதி உண்டு. வசனம் கூறுவது கண்ணாடி சூழ்ந்த விளக்கு. உஸ்மானியரோ 16ஆம் நூற்றாண்டில் சுட்ட மண்ணால் விளக்குகள் செய்து பள்ளிவாசல்களிலும் அடக்கத் தலங்களிலும் தொங்கவிட்டனர். மண்ணை ஊடுருவி ஒளி வெளிவராது. அவ்வாறாயின் அவ்விளக்குகள் எதற்காக? ஒளி தராத விளக்கை விளக்கு என்று அழைப்பது தகுமா? அதற்குச் செலவிட்ட பொருள் வீணானதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடியில் எழுதிய வசனம்

மண்விளக்கைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னோடியான கண்ணாடி விளக்கை முதலில் அறிதல் வேண்டும். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தையும் ஷாமையும் ஆண்ட மம்லூக்கியர் காலத்தில் பள்ளிவாசல் விளக்குக்கு ஒரு திட்டமான வடிவம் அமைந்துவிட்டது. மேலே புனல்போல் விரிந்த கழுத்து, நடுவே பருத்த வயிறு, கீழே அடித்தாங்கு. வயிற்றைச் சுற்றிச் சங்கிலி கோப்பதற்குரிய காதுகள். நாம் விளக்கென்று கருதும் இவ்வுருவம் உண்மையில் ஒரு கூடு மட்டுமே. இதனுள்ளே சிறியதொரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் அதன்மேல் எண்ணெயும் ஊற்றி, திரியை எரியவிடுவர்.

இக்கூட்டின்மீது வண்ணக் கண்ணாடித் தூளைக் குழைத்துப் பூசியும், பொன் பூசியும், சூளையில் மீண்டும் சுட்டும் அலங்கரித்தனர். இவற்றுள் பலவற்றின் கழுத்தில் ஒளி வசனத்தின் தொடக்கமும், வயிற்றில் அதனைச் செய்வித்த சுல்தான் அல்லது அமீரின் பெயரும் காணப்படும். கெய்ரோவில் 1356இல் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலுக்கெனச் செய்யப்பட்ட விளக்குகள் பல இன்றும் அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. திரியை ஏற்றியதும் கூடு முழுவதும் ஒளிரும். எழுத்துகள் இருளில் துலங்கும். ஒளியைப் பற்றிய வசனம் ஒளியாலேயே வாசிக்கப்படும். உவமையைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றிய கலை இது.

சுவரிலும் விளக்கு இடம்பெற்றது. கெய்ரோவில் 1125இல் கட்டப்பட்ட அல்அக்மர் பள்ளிவாசலின் முகப்பில், தொங்கும் விளக்கொன்று கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. ஈரானின் காஷான் நகரக் குயவர்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மிஹ்ராப் வடிவச் சுவரோடுகளைச் செய்தனர். உலோகம் போல் மின்னும் மெருகு பூசிய அவ்வோடுகளில், வளைவின் நடுவே விளக்கொன்று தொங்குவதாகத் தீட்டுவது வழக்கமாயிற்று. தொழுகை விரிப்புகளிலும் அதே விளக்கு நெய்யப்பட்டது. இவற்றில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. எனினும் காண்போர் எவரும் அவற்றின் பொருளை உடனே அறிந்தனர். ஆகவே எரியாத விளக்கு என்பது உஸ்மானியர் புதிதாகக் கண்டதன்று. அவர்கள் செய்த புதுமை வேறு. ஓவியமாகவும் புடைப்பாகவும் சுவரோடு ஒட்டியிருந்த அந்த விளக்கை, கையால் தூக்கிப் பார்க்கத்தக்க முழு உருவாக மண்ணில் வனைந்து தொங்கவிட்டதே அப்புதுமையாகும்.

இஸ்னிக்கின் மண்

இன்றைய துருக்கியின் வடமேற்கே, ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் இஸ்னிக். கிறித்தவ வரலாற்றில் நிகேயா என்று புகழ்பெற்ற பழம்பதி அதுவே. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலம் உஸ்மானியப் பேரரசின் மிகச் சிறந்த பீங்கான் கலங்களும் ஓடுகளும் இங்கிருந்தே சென்றன. 'பீங்கான்' என்னும் நம் சொல்லே பாரசீகப் 'பிங்கானின்' தமிழ் வடிவம் என்பர் அகராதியாளர். அரபியர் தேநீர், காப்பி அருந்தும் 'ஃபின்ஜானும்' அதே வேரினதே.

இஸ்னிக் கலத்தைச் சாதாரண மட்பாண்டமாகக் கருதலாகாது. அதன் உடலில் களிமண் மிகக் குறைவு; பெரும்பகுதி அரைத்த வெண்கல், அதாவது படிகக் கல்லின் மாவு. இந்தக் கலவையின் பழைய செய்முறையை நமக்கு எழுதி வைத்தவர் காஷானின் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல்காசிம் ஆவார். கி.பி. 1301இல் அவர் எழுதிய நூலில், பத்துப் பங்கு படிகக்கல் மாவு, ஒரு பங்கு அரைத்த கண்ணாடிக் கலவை, ஒரு பங்கு வெண்களிமண் என்னும் அளவு தரப்பட்டுள்ளது. இஸ்னிக்கின் கலவை இம்மரபைச் சார்ந்ததே. இவ்வளவு குறைந்த களிமண்ணுடைய கலவை சக்கரத்தில் எளிதில் எழும்பாது. விரலுக்கு வளையாமல் விண்டு விழும். விளக்குப் போன்ற கழுத்தும் வயிறும் உடைய உருவைப் பகுதி பகுதியாகச் செய்து ஒட்டுவது கைத்திறன் மிக்க வேலை.

உலர்ந்த உடலின்மீது தூய வெண்ணிறக் குழம்பைப் பூசுவர். அவ்வெண்மைமீது கரிய கோடுகளால் வரைந்து, உள்ளே வண்ணம் நிரப்புவர். கோபால்ட் நீலம் தரும். செம்பு பசுநீலம் தரும். மாங்கனீசு கருஞ்சிவப்பு ஊதா தரும். இரும்புச் சத்து மிக்க செம்மண் அளிக்கும் புடைத்த சிவப்பு நிறம் 16ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் கைவந்தது. இஸ்தான்பூலில் 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசலின் கிப்லாச் சுவரோடுகளில் அதனைக் காணலாம். அப்பள்ளிவாசலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் மண்விளக்கு ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. வண்ணம் தீட்டிய பின் அனைத்தின்மீதும் தெளிந்த மெருகைப் பூசிச் சூளையில் சுடுவர். சூடு சற்று மிகுந்தால் வண்ணம் ஓடிவிடும். குறைந்தால் மெருகு கலங்கிவிடும். சரியாக அமைந்தால், தெளிந்த நீருக்கடியில் வண்ணம் கிடப்பதுபோல் தோன்றும்.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். இஸ்னிக் உடலுக்கும் மூலப்பொருள் அதே இனத்துப் படிகக்கல். கண்ணாடி விளக்கும் மண்விளக்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று முழுதும் உருகித் தெளிந்தது. மற்றொன்று உருகாமல் இறுகியது. தெளிந்தது ஒளியை ஊடே விட்டது; இறுகியது விடவில்லை.

முஸ்லி தீட்டிய விளக்கு

இஸ்னிக்கின் மண்விளக்குகளுள் அறிஞர்கள் முதன்மையாகக் கொள்வது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்று. 1887இல் அது அங்கே சென்று சேர்ந்தது. உயரம் ஒரு முழத்திற்கும் குறைவு. வெண்ணிற உடலில் நீலமும் பசுநீலமும் கொண்டு கொடிகளும் முகிற் சுருள்களும் எழுத்துப் பட்டைகளும் தீட்டப்பட்டுள்ளன. அதன் சிறப்புக்குக் காரணம், தன் வரலாற்றைத் தானே கூறுவதாகும். அடிப்பகுதியின் எழுத்துகள், அது ஹிஜ்ரி 956 ஜுமாதல் ஊலாவில், அதாவது 1549ஆம் ஆண்டு மே, ஜூன் திங்களில் செய்யப்பட்டது என்கின்றன. தீட்டியவர் பெயர் முஸ்லி. அவர் தம்மை எளியவர் என்றும் தாழ்ந்தவர் என்றும் குறித்துக்கொள்கிறார். இஸ்னிக்கைச் சேர்ந்த அஷ்ரஃப்ஸாதா என்னும் இறைநேசரின் பெயரும் அதில் விளிக்கப்படுகிறது. செய்த ஆண்டும், தீட்டியவர் பெயரும், ஊர்ச் சான்றும் ஒருங்கே உடைய இஸ்னிக் கலங்கள் மிக அரியவை என்பதால், ஏனைய கலங்களின் காலத்தைக் கணிக்கவும் இது அளவுகோலாக உதவுகிறது.

அஷ்ரஃப்ஸாதா என்பவர் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல்லாஹ் ரூமி ஆவார். காதிரிய்யாத் தரீக்காவின் ஒரு கிளையை இஸ்னிக்கில் நிறுவியவர். துருக்கி மொழியில் ஞானப் பாடல்கள் இயற்றியவர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஆழ வேரூன்றிய அதே காதிரிய்யா மரபின் ஒரு கிளை, இஸ்னிக்கின் குயவர் தெருவிலும் நிழல் பரப்பியிருந்தது என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இவ்விளக்கு கிடைத்த இடம் பைத்துல் முகத்தஸின் குப்பத்துஸ் ஸக்ரா எனப் பதிவு கூறுகிறது. இது காலத்தோடும் பொருந்துகிறது. சுல்தான் சுலைமான் அக்கட்டடத்தைப் புதுப்பித்து, உமய்யாக்கள் காலத்து வெளிச்சுவர் அலங்காரத்திற்குப் பதிலாக வண்ண ஓடுகளைப் பதிக்கச் செய்தார். அவ்வோடுகளில் 1545-46, 1551-52 ஆகிய ஆண்டுகள் காணப்படுகின்றன. அப்துல்லாஹ் தப்ரீஸி என்னும் கைவினைஞரின் பெயரும் உள்ளது. சுவரில் ஓடு பதிக்கும் பணி நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளின் நடுவேதான் முஸ்லியின் விளக்கும் உருவாயிற்று.

வீண்விரயமா?

உஸ்மானியர் ஒளியின் தேவையை அறியாமல் மண்விளக்கைச் செய்தனர் என்று கூற இயலாது. 1569இல் பிரதம வஸீர் சொகுல்லு முஹம்மது பாஷா, இஸ்தான்பூலில் இருந்த வெனிஸ் தூதர் வழியாக, வரைபடமும் கொடுத்து 900 கண்ணாடி விளக்குகளை வெனிஸிலிருந்து தருவிக்க ஏற்பாடு செய்தார். அவர் பெயரால் 1571-72இல் நிறைவுற்ற பள்ளிவாசலின் கிப்லாச் சுவரோ இஸ்னிக் ஓடுகளால் பொலிகிறது. ஒளிக்குக் கண்ணாடி, அழகுக்கு மண் என்று அவர்கள் தெளிந்தே பிரித்திருந்தனர். மண்விளக்கு தொங்கிய இடத்தில் ஒளியூட்டும் வேலையைச் சுற்றியிருந்த கண்ணாடி விளக்குகள் செய்தன.

மண்விளக்கினுள் திரி எரிந்திருந்தாலும் ஒளி வாய் வழியே மேலே சென்றிருக்குமேயன்றிக் கீழே நிற்போருக்குப் பயன்பட்டிராது. ஆகவே மார்க்க நோக்கில் எழும் வினா நியாயமானதே. பள்ளிவாசலை அலங்கரிப்பதில் நம் முன்னோர் மிக எச்சரிக்கையாக இருந்தனர். மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பிக்கப் பணித்த உமர் (ரலி) அவர்கள், மழையினின்று மக்களைக் காக்குமாறு கட்டவேண்டும் என்றும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்களின் கவனத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் அறிவுறுத்திய செய்தி புகாரியில் இடம்பெறுகிறது. ஆனால் அதே உமர் (ரலி) அவர்கள் ரமளான் இரவுகளில் பள்ளிவாசல்களை விளக்குகளால் ஒளிபெறச் செய்ததையும், அதற்காக அலி (ரலி) அவர்கள் அவருக்காக இறைஞ்சியதையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அலங்காரத்தில் சிக்கனம், ஒளியில் தாராளம் என்பதே அவர்களின் வழி எனலாம்.

பைத்துல் முகத்தஸைப் பொறுத்தவரை இதைவிட நேரடியான செய்தியொன்று அபூதாவூத், இப்னுமாஜா தொகுப்புகளில் உண்டு. அண்ணலாரின் பணிமகளாயிருந்து விடுதலை பெற்ற மைமூனா (ரலி) அவர்கள் அத்தலத்தைப் பற்றி வினவுகிறார். அங்கே சென்று தொழுமாறும், செல்ல இயலாதவர் அதன் விளக்குகளுக்கு எண்ணெயேனும் அனுப்புமாறும் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்கின்றார்கள். இதன் அறிவிப்புத் தொடர் குறித்து ஹதீஸ்கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், தொலைவில் வாழ்ந்த முஸ்லிம்களின் உள்ளத்தில் இச்செய்தி ஆழப் பதிந்திருந்தது.

இதனை வைத்துச் சிந்தித்தால் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. எண்ணெய் அனுப்புமாறு கூறப்பட்ட இடத்திற்கு, எண்ணெயின் ஒளியையே மறைக்கும் விளக்கொன்று சென்றிருக்கிறது! கண்டிப்பான ஃபகீஹ் ஒருவர் இதனை ஏற்கத் தயங்கலாம். அத்தயக்கத்தை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் அன்பளிப்பாகச் செல்லும் ஒரு பொருளின் பயனை ஒளியின் அளவைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அது மண்ணால் ஆனது. பொன்னோ வெள்ளியோ அன்று. அதன் மதிப்பு, கல்லை அரைத்த கையின் உழைப்பிலும் கோடு தவறாத தூரிகையிலும் இருந்தது. விலையுயர்ந்த உலோகத்தை விலக்கி, காலின்கீழ்க் கிடக்கும் பொருளைத் திறமையால் உயர்த்திய கலை இது. வீண்விரயம் என்று மார்க்கம் கடிவது பொருளைப் பாழாக்குவதையும் பெருமைக்குக் கொட்டுவதையும். தம்மைத் தாழ்ந்தவர் என்று பொறித்துவைத்த ஒருவரின் கைவினையை அவ்வகையில் சேர்ப்பது நீதியாகாது என்பது நம் கருத்து.

இரவல் ஒளி

இனி அடிப்படை வினாவுக்கு வருவோம். ஒளி புகாத உடல் ஒளியோடு கொள்ளும் உறவு யாது? இதற்கு விடை தேட, பதினோராம் நூற்றாண்டின் ஒளியியல் மேதை இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாளிர்' நமக்கு உதவுகிறது. அவர் ஒளியை இரண்டாகப் பகுக்கிறார். கதிரவன், தீ போன்றவை தம்மிடமிருந்தே வெளியிடுவது தாத்தீ, அதாவது தன்னொளி. அவ்வொளி பட்டதால் ஏனைய பொருள்களிலிருந்து நாற்புறமும் வெளிப்படுவது அரழீ, அதாவது சார்பொளி. வெண்சுவர் ஒன்றில் வெயில் பட்டால், எதிரே உள்ள இருண்ட அறையும் அச்சுவரால் வெளிச்சம் பெறுகிறது. சுவர் தானே ஒளிரவில்லை, பெற்றதைத் தருகிறது.

மாடக்குழியின் இயல்பு இதுவே. அதன் சுண்ணாம்புச் சுவர் ஒளியை ஊடே விடுவதில்லை. விடாததாலேயே ஒளியைத் திருப்பி நம்மிடம் அனுப்புகிறது. இஸ்னிக் விளக்கின் வெண்ணிற உடலும் மெருகும் இவ்வாறே. சுற்றிலும் கண்ணாடி விளக்குகள் எரிய, அவற்றின் ஒளியைத் தன் பளபளப்பில் வாங்கி, நீலத்தையும் வெண்மையையும் துலங்கக் காட்டியது அது. கண்ணாடி விளக்கு ஒளியைத் தந்தது. மண்விளக்கு ஒளியைப் பெற்றதற்குச் சான்றாக நின்றது.

இவ்விடத்தில் திருமறையின் மற்றொரு சொல் நம் நினைவுக்கு வருகிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், மனிதன் படைக்கப்பட்ட மண்ணை 'ஃபக்கார்' என்பதற்கு ஒப்பிடுகிறது. ஃபக்கார் என்பது சுட்ட மட்கலம். தட்டினால் ஓசை தருவது. பெருமையடித்தலைக் குறிக்கும் 'ஃபக்ர்' என்னும் சொல்லும் இதே வேரெழுத்துகளைக் கொண்டது. உள்ளே வெறுமையாயிருந்து ஓசை எழுப்புவதே கலத்துக்கும் தற்பெருமைக்காரனுக்கும் பொது என்று பாடம் நடத்துவோர் நயமாகச் சொல்வதுண்டு. மண்ணால் ஆன விளக்கென்பது, இவ்வகையில் பார்த்தால், மண்ணால் ஆன மனிதனை ஒத்தது. அவனுக்குத் தன்னொளி இல்லை. இறைவன் அருளும் ஒளி அவன்மீது படுமாயின் அவன் துலங்குவான். படாவிடில் இருளில் தொங்கும் ஓடே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'மிஷ்காத்துல் அன்வார்' என்னும் நூலில் ஒளி வசனத்தின் ஐந்து பொருள்களை மனித ஆன்மாவின் ஐந்து ஆற்றல்களோடு பொருத்துகிறார்கள். மாடம் என்பது புலனுணர்வு. கண்ணாடி என்பது கற்பனையாற்றல். விளக்கு என்பது அறிவு. மரம் என்பது சிந்தித்துக் கிளைவிடும் ஆற்றல். எண்ணெய் என்பது நபிமார்க்கும் இறைநேசர் சிலர்க்கும் உரிய தூய ஆன்மா. கண்ணாடியைப் பற்றி அவர்கள் கூறும் கருத்து நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. கண்ணாடியின் மூலம் திண்மையான, ஒளி புகாத பொருளே; தூய்மைப்படுத்தி மென்மையாக்கிய பின்னரே அது ஒளியை மறைக்காததாயிற்று; அதன் பின்னரும் காற்றினின்று விளக்கைக் காக்கும் உறுதி அதற்கு உண்டு. கற்பனையாற்றலும் அவ்வாறே பண்படுத்தினால் தெளியும் என்பது இமாமவர்களின் விளக்கம்.

மண்விளக்கை இவ்விளக்கத்தின் அருகே வைத்துப் பார்க்கையில், அது கண்ணாடியாகத் தெளிவதற்கு முன் நிற்கும் நிலை என்று தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் நிற்கும் நிலையும் அதுவே. முஸ்லி இதனை எண்ணியே தீட்டினார் என்று நாம் வாதிட வரவில்லை. இது விளக்கைக் கண்டு நாம் பெறும் படிப்பினை. எனினும் ஒளிவீசும் இடத்தில் தம்மை எளியவர் என்று எழுதிவைத்த கை, இப்படிப்பினைக்கு அயலானதன்று.

இன்றைய சுவர் விளக்கு

இஸ்னிக்கின் சூளைகள் நெடுநாள் நிலைக்கவில்லை. அரண்மனை விலையை வரையறுத்துக் குயவர்களைக் கட்டுப்படுத்தியது. பணத்தின் மதிப்பு வீழ்ந்தது. பெருங்கட்டடப் பணிகளும் குறைந்தன. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வூர் வழியே சென்ற பயணி எவ்லியா செலபி, முன்பு நூற்றுக்கணக்கில் இருந்த பட்டறைகளில் ஒன்பதே எஞ்சியதாக எழுதினார். பின்னர் அவையும் மறைந்தன. கலவையின் நுட்பமும் கைவிட்டுப் போயிற்று. 1993இல் நிறுவப்பட்ட இஸ்னிக் அறக்கட்டளை, ஆய்வாளர்களின் துணையோடு படிகக்கல் உடலை மீண்டும் உருவாக்க முனைந்தது. ஒரு கலை அழிய இரண்டு தலைமுறை போதும். அதனை மீட்க முந்நூறு ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

இன்று உலகின் பல நாடுகளில் தனிப்பட்ட குயவர்கள் கையால் வனைந்த சுவர் விளக்குகளைச் செய்கின்றனர். மிக மெல்லிய சீனப் பீங்கானாயின் ஒளி சற்றே ஊடுருவும். மற்றபடி அவர்கள் கையாளும் மண்ணும் ஒளி புகாததே. ஆகவே அவர்கள் விளக்கை மறைத்துவைத்து, ஒளியைச் சுவரில் பாயச் செய்து, அச்சுவரின் வழியே நமக்குத் தருகின்றனர். சுடர் கண்ணை உறுத்தாது. மண்ணின் விளிம்பும் விரற்பதிவும் நிழலும் ஒளியும் சேர்ந்து சிற்பமாகத் தோன்றும். சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் சிறு மண்கூட்டினுள்ளும் ஒளியமைப்பது எளிதாகியுள்ளது. அவர்களில் பலர் மிஷ்காத் என்னும் சொல்லையே கேட்டிராதவராக இருக்கலாம். ஆயினும் அவர்கள் கையாள்வது மாடக்குழியின் பழைய அறிவே.

நம் பள்ளிவாசல்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். புதுப்பிக்கும்போது பழைய மாடங்களைச் சிமெண்டிட்டு அடைக்கிறோம். எங்கும் ஒரே அச்சில் வார்த்த ஓடுகளைப் பதிக்கிறோம். நெகிழிப் படிகங்கள் கோத்த சரவிளக்கைத் தொலைநாட்டிலிருந்து வாங்கித் தொங்கவிடுகிறோம். ஒளிக்குக் குறைவில்லை, கண் கூசும் அளவுக்கு உண்டு. உமர் (ரலி) அவர்கள் அஞ்சிய கவனச் சிதறல் இங்கேதான் மிகுதி. வீண்விரயத்தைப் பற்றிய வினாவை 1549ஆம் ஆண்டின் மண்விளக்கை நோக்கி எழுப்புமுன், இந்தச் சரவிளக்கை நோக்கி எழுப்புவதே முறை.

பள்ளிவாசல் நிர்வாகத்தினர் கருதத்தக்கவை சில உண்டு. பழைய கட்டடத்தில் மாடக்குழி இருந்தால் அதனை அடைக்காமல் வைத்திருங்கள். உள்ளே சிறு விளக்கொன்றை மறைவாக அமைத்தால் போதும், சுவர் தானே ஒளிதரும். ஒளூச் செய்யும் இடத்துக்கும் நடைவழிக்கும் அருகிலுள்ள குயவரிடம் மண்கூடு வனையச் சொல்லலாம். உட்புறத்தை வெண்மையாக வைக்கச் சொன்னால் ஒளி மிகும். செலவு பெரிதன்று. அப்பணம் நம் ஊர்க் கைவினைஞரின் அடுப்பில் எரியும். தொழுபவர் கண்ணுக்கு நேரே எதுவும் மின்னாமல் பார்த்துக்கொண்டால், ஃபகீஹின் தயக்கத்துக்கும் இடமிராது.

ஒளி வசனத்தின் உவமை கண்ணாடியோடு முடியவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் உரியதல்லாத மரத்தின் எண்ணெயை நோக்கிச் செல்கிறது. இறுதியில், தான் நாடியோரைத் தன் ஒளியின்பால் இறைவன் வழிநடத்துகிறான் என்னும் பொருளில் சென்று நிற்கிறது. கூடு கண்ணாடியா மண்ணா என்பது அங்கே இரண்டாம் நிலைக்குப் போய்விடுகிறது. ஒளி அவனுடையது, கூடு மட்டுமே நம்முடையது. அக்கூட்டைத் திருத்தமாக வனைவதும் தூய்மையாக வைப்பதும் நம் கடமை. அதன்மீது தன் ஒளியைப் பொழிய வல்ல இறைவன் நம் உள்ளங்களையும் இல்லங்களையும் பள்ளிவாசல்களையும் ஒளிபெறச் செய்வானாக!